கதைக்கும் கையெழுத்துக்கும் நடுவே: காப்பீட்டு விளம்பரங்களின் குடும்ப உணர்வும் பாலிசிதாரரின் உரிமைகளும்

ஆயுள் காப்பீடு என்பது, வாங்குபவர் தம் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ இயலாத ஒரு வாக்குறுதியை, பெரும்பாலும் தாம் இல்லாமற்போகும் ஒரு நாளுக்காக, ஆண்டுக்கணக்கில் தவணை செலுத்தி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தமாகும். அரிசியையோ துணியையோ வாங்குபவர் அதன் தரத்தை அன்றே சோதித்துவிட முடியும். காப்பீட்டின் தரமோ, அதை வாங்கியவர் இறந்த பிறகு அவருடைய மனைவியோ மகளோ கோரிக்கைப் படிவத்துடன் அலுவலகத்துக்குச் செல்லும்போதுதான் தெரியவரும். சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை விற்க வேண்டியிருப்பதனாலேயே, இந்தத் தொழில் தொடக்கம் முதல் பொருளைக் காட்டுவதைவிட அதனால் காக்கப்படப்போகும் குடும்பத்தைக் காட்டுவதையே தன் விற்பனை முறையாகக் கொண்டுள்ளது. அந்த முறையில் தவறேதும் இல்லை என்றாலும், கதை எழுப்பும் உணர்வுக்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் தொகைக்கும் இடையே உள்ள தொலைவைப் பார்க்கத் தவறும் குடும்பங்கள் அந்தத் தவற்றின் விலையை மிகக் கடினமான ஒரு நேரத்தில் கொடுக்க நேர்கிறது.

இந்த விற்பனை முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் விவியானா செலிசர் 1979இல் வெளியிட்ட 'மாரல்ஸ் அண்ட் மார்க்கெட்ஸ்' என்னும் நூல், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மக்கள் மனித உயிருக்கு விலை பேசுவது பாவம் என்று கருதி ஆயுள் காப்பீட்டை ஒதுக்கினர் என்பதையும், அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நிறுவனங்கள் அதை நல்ல தந்தையின் கடமையாகவும் நல்ல கணவனின் இறுதி அன்பாகவும் சமய போதகர்களின் துணையுடன் முன்வைத்தபோதே அந்தத் தயக்கம் கரைந்தது என்பதையும் விரிவாகக் காட்டுகிறது. இந்தியாவில் 1818இல் கல்கத்தாவில் தோன்றிய ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் ஐரோப்பியக் குடும்பங்களின் கைம்பெண்களைக் காக்கும் நோக்கத்தையே முன்னிறுத்தியது. 1956 செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் இணைத்து உருவான இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்ஐசி, காற்றில் அணையாதபடி விளக்குச் சுடரை இரு கைகள் பொத்திக் காக்கும் படத்தைத் தன் சின்னமாகக் கொண்டது. இந்தச் சின்னத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகளுக்குக் காப்பீடு என்ற சொல்லே கணக்கைவிடக் கனிவை முதலில் நினைவூட்டுவதில் வியப்பில்லை.

குடும்பக் கதையை முழுநீளக் குறும்படமாகவே எடுக்கும் போக்கை உலகெங்கும் பரவச் செய்தது தாய்லாந்து. 1942இல் தொடங்கப்பட்ட தாய் லைஃப் நிறுவனம் 2011இல் வெளியிட்ட விளம்பரப் படம், காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு தந்தைக்கும் அவரை ஏற்க மறுக்கும் மகளுக்கும் இடையிலான பாசத்தைச் சொன்னது. 2014இல் அதே நிறுவனத்துக்காகத் தனோன்சாய் சோர்ன்ஸ்ரீவிச்சாய் இயக்கிய மற்றொரு படம், வாடிய செடிக்கும் தெருநாய்க்கும் தனித்து வாழும் மூதாட்டிக்கும் படிக்கப் பணமில்லாத சிறுமிக்கும் நாள்தோறும் உதவும் ஓர் எளிய இளைஞனைக் காட்டி, இணையத்தில் உலகெங்கும் கோடிக்கணக்கானோரால் பார்க்கப்பட்டது. அந்த மூன்று நிமிடப் படத்தில் தவணை எவ்வளவு, காப்பு எவ்வளவு, எந்தச் சூழலில் பணம் கிடைக்காது என்பனவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இறுதியில் நிறுவனத்தின் பெயர் மட்டும் வருகிறது. 2015இல் மெட்லைஃப் நிறுவனம் ஹாங்காங்கில் வெளியிட்ட படம், தனக்கு வேலை இருக்கிறது, பசிக்கவில்லை, களைப்பில்லை என்றெல்லாம் தந்தை தன்னிடம் பொய் சொல்வதை அறிந்த மகள் எழுதும் கட்டுரையாக அமைந்தது. இப்படங்கள் கலையளவில் நேர்த்தியானவை என்பதையும், பார்ப்பவரிடம் உண்மையான இரக்கத்தை எழுப்புகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. இந்திய நிறுவனங்களின் படங்களிலும் பள்ளிச் சீருடையில் மகளும் கல்யாண மண்டபத்தில் கண்கலங்கும் தந்தையும் ஓய்வுக்காலத்தில் கைகோத்து நடக்கும் தம்பதியரும் வருவது இந்த வழியில்தான்.

கதை ஏன் இவ்வளவு வலுவாக வேலை செய்கிறது என்பதை உளவியல் ஆய்வுகள் ஓரளவு விளக்கியுள்ளன. மெலனி கிரீன், திமோத்தி பிராக் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதைக்குள் ஆழ்ந்துபோகும் மனம் அக்கதையோடு ஒத்த நம்பிக்கைகளை எளிதில் ஏற்கிறது. அதிலுள்ள பொருந்தாமைகளைத் தேடிப் பிடிப்பதும் குறைகிறது. காப்பீட்டுக்கே நேரடியாகப் பொருந்தும் மற்றோர் ஆய்வைக் கிறிஸ்டோபர் ஹ்சி, ஹாவர்ட் குன்ரியூதர் ஆகியோர் அதே ஆண்டில் வெளியிட்டனர். பழைய கடிகாரம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்ட அந்த ஆய்வில், சேதமுற்றால் கிடைக்கும் இழப்பீட்டுத் தொகை மாறாதிருந்தபோதும், அந்தக் கடிகாரத்தின் மீது மிகுந்த பற்று உள்ளவராகத் தம்மைக் கருதிக்கொண்டோர் காப்பீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தனர். கிடைக்கப்போகும் பணம் ஒன்றேயாயினும் அன்பு கூடும்போது கொடுக்கத் துணியும் விலையும் கூடுகிறது என்னும் இந்த முடிவு, மகளின் பள்ளிப் பையைத் திரையில் காட்டுவதால் விற்பனையாளருக்குக் கிடைக்கும் ஆதாயம் என்ன என்பதைத் தெளிவாக்குகிறது.

இந்திய நெறிமுறைகள் இந்த ஆதாயத்தை எந்த அளவுக்குத் தொடுகின்றன என்பதே அடுத்த வினா. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, எது நேர்மையற்ற அல்லது தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்பதை வரையறுத்துள்ளது. விற்கப்படுவது காப்பீடு என்பதையே தெளிவாகச் சொல்லாதிருப்பது, பாலிசியால் தர இயலாத பயனைச் சொல்வது, விதிகளோடு பொருந்தாத பலன்களை விவரிப்பது, முக்கியமான விலக்குகளைக் கண்ணில் படும்படி சொல்லாமல் விடுவது ஆகியவை அதில் அடங்கும். ஆனால் இந்த வரையறை முழுவதும் ஒரு கூற்றைச் சுற்றியே கட்டப்பட்டுள்ளது. குறிப்பிட்ட திட்டம் எதையும் சொல்லாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் மக்கள் மனத்தில் பதிக்கும் விளம்பரத்தில் சரிபார்க்கத்தக்க கூற்றே இருப்பதில்லை. தந்தை மகளை நேசிக்கிறார் என்பது பொய்யாகாது. எனவே அதை ஆராய்வதற்கு ஒழுங்குமுறையாளரிடம் அளவுகோல் இல்லை. உணர்வை எழுப்பும் படம் ஒரு நாள் வருகிறது, திட்டத்தை விற்கும் முகவரோ வங்கி அலுவலரோ வேறொரு நாள் வருகிறார், விதிகளடங்கிய பத்திரம் அதற்கும் பிறகு வருகிறது. இம்மூன்றும் தனித்தனியே நிற்பதால், சட்டம் மூன்றாவதை நன்றாகவும் இரண்டாவதை ஓரளவும் கட்டுப்படுத்த, முதலாவது ஏறக்குறைய முழுச் சுதந்திரத்துடன் இயங்குகிறது.

ஆயினும் சட்டத்தில் பயன்படுத்தத்தக்க கருவிகள் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரமாகவே கொள்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய விளம்பரத்தை நிறுத்த உத்தரவிட்டு, முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும் அடுத்தடுத்த மீறல்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். அதே சட்டத்தின்கீழ் 2022 ஜூன் மாதம் வெளியான நெறிமுறைகள், விளம்பரத்தின் பொறுப்புத்துறப்பு வாசகம் அதன் முதன்மைக் கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் உருகிப் பேசிவிட்டு நிபந்தனைகளை மட்டும் ஆங்கிலத்தில் நுண்ணெழுத்தாக ஓடவிடும் விளம்பரம் இந்த விதிக்கு முரணானது என்பது தமிழ்ப் பார்வையாளர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. 2023 நவம்பரில் வெளியான இணைய ஏமாற்று வடிவமைப்புகள் பற்றிய நெறிமுறைகள், மறுப்பவரை வெட்கப்படச் செய்து ஒப்புக்கொள்ள வைக்கும் உத்தியைத் தடைசெய்கின்றன. விமானப் பயணச்சீட்டு வாங்குபவர் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்லும்போது, தாம் பாதுகாப்பின்றியே இருக்கப்போவதாக அவரையே ஒப்புக்கொள்ளச் செய்யும் வாசகத்தை அந்நெறிமுறைகள் எடுத்துக்காட்டாகவே தந்துள்ளன. குற்ற உணர்வை விற்பனைக் கருவியாக்குவது தவறு என்ற கொள்கை இணையப் பொத்தான்களைப் பொறுத்தவரை ஏற்கப்பட்டுவிட்டது. தொலைக்காட்சிப் படங்களைப் பொறுத்தவரை அது இன்னும் அந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. கணவனை இழந்த பெண், காப்பீடு எடுக்காமல் போய்விட்டாரே என்று இறந்தவரையே குறைகூறும் விளம்பரம் ஒன்று அண்மையில் இந்தியத் தொலைக்காட்சியில் வந்தபோது பார்வையாளர்களிடமிருந்து எழுந்த கடும் எதிர்ப்பு, இந்த இடைவெளியைப் பொதுமக்கள் உணர்ந்தே இருக்கிறார்கள் என்பதைக் காட்டியது.

இத்தகைய படங்களில் பெண் பெரும்பாலும் ஆதரவிழந்தவளாக மட்டுமே தோன்றுவதும் ஒரு குறையே. வீட்டுப் பணி செய்யும் பெண்ணின் உழைப்புக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்பதை 2021 ஜனவரியில் விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் உறுதியாக எடுத்துரைத்தது. அவள் இல்லாமற்போனால் குழந்தை வளர்ப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் குடும்பம் செலவிட நேரும் பணம் பெரியது. அவள் பெயரில் காப்பீடு தேவையா என்ற கேள்வியை இந்தக் கதைகள் எழுப்புவதே அரிது.

இனி, கதை சொல்லாமல் விடும் கணக்குக்கு வரலாம். முதிர்வின்போதும் பணம் தரும் எண்டோமென்ட் வகைப் பாலிசியை ஒருவர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தவணையில் 20 ஆண்டுகளுக்கு எடுப்பதாகக் கொள்வோம். முதிர்வுத் தொகைக்கு வருமான வரி விலக்குக் கிடைக்கக் காப்புத்தொகை ஆண்டுத் தவணையைப் போல் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும் என்பதால், இவ்வகைப் பாலிசிகள் பலவற்றில் காப்புத்தொகை அந்த அளவையே ஒட்டி, இங்கே ஏறத்தாழ 5 லட்சம் ரூபாயாக அமையும். மாதம் 30,000 ரூபாய் செலவுள்ள குடும்பத்துக்கு அந்தத் தொகை 17 மாதங்கள்கூட முழுதாக வராது. திரையில் மகள் மழலையர் பள்ளியிலிருந்து பட்டமளிப்பு விழா வரை தந்தையின் அன்பால் தாங்கப்படுகிறாள். ஒப்பந்தமோ அவளை ஒன்றரை ஆண்டுக்கும் குறைவாகவே தாங்குகிறது. முதிர்வுத் தொகையோ தவணைத் திருப்பமோ இல்லாமல் இறப்புக்கு மட்டும் பணம் தரும் டெர்ம் காப்பீட்டில், உடல்நலமுள்ள, புகைப்பழக்கமற்ற 30 வயதுக்காரர் அந்த 50,000 ரூபாயைவிடக் குறைந்த ஆண்டுத் தவணையிலேயே 1 கோடி ரூபாய்க்குக் காப்பு பெற முடியும்.

முதிர்வுக் கணக்கும் இதே கவனத்தைக் கோருகிறது. அந்த எண்டோமென்ட் பாலிசியில் 20 ஆண்டுகளில் மொத்தம் 10 லட்சம் ரூபாய் செலுத்துபவருக்கு முதிர்வில் 17 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்று சொல்லப்பட்டால், முக்கால் பங்குக்கு நெருக்கமான கூடுதல் கிடைப்பதாக மனம் மகிழும். கூட்டு வட்டி முறையில் பார்த்தால் அது ஆண்டுக்கு வெறும் 5 விழுக்காடு வளர்ச்சியே ஆகும். அந்த ஆண்டுகளில் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமானால், முதிர்வில் கைக்கு வரும் அத்தொகையின் இன்றைய வாங்கும் ஆற்றல் ஏறத்தாழ 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்தான். இதை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. பலன் விளக்க அட்டவணை என்னும் தாளில், உறுதியற்ற பலன்களை 4 விழுக்காடு, 8 விழுக்காடு என்ற இரு அனுமான விகிதங்களில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இவை அனுமானங்களே, வாக்குறுதிகள் அல்ல. முகவர் 8 விழுக்காட்டுப் பத்தியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினால், உறுதியளிக்கப்பட்ட தொகை எது என்று கேட்டு, அதே தாளில் வட்டமிடச் சொல்வது நல்லது. யூலிப் என்று வழங்கும், பங்குச் சந்தையோடு இணைந்த பாலிசியில் முதலீட்டு இழப்பைப் பாலிசிதாரரே தாங்க வேண்டும் என்பதும் விளம்பரத்திலேயே சொல்லப்பட வேண்டிய செய்தியாகும்.

குழந்தைக் காப்பீடு என்ற பெயரில் விற்கப்படும் திட்டங்களில் கதைக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள தொலைவு இன்னும் கூடுகிறது. ஆயுள் காப்பு யாருடைய உயிர் மீது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காப்பு குழந்தையின் உயிர் மீது மட்டும் இருந்தால், சம்பாதிக்கும் தந்தையோ தாயோ இறக்கும்போது குடும்பத்துக்குப் பணம் வராது என்பதோடு, தவணை கட்ட ஆளில்லாமல் பாலிசியே நின்றுபோகவும் கூடும். பெற்றோர் இறந்தால் மீதித் தவணைகளை நிறுவனமே ஏற்கும் தவணை விலக்குப் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே, அந்தத் திட்டம் விளம்பரம் உணர்த்திய பாதுகாப்பைத் தருகிறது. சில முகவர்கள் இரண்டு மூன்று பாலிசிகளைச் சேர்த்து, மகளின் கல்யாணத்தையோ படிப்பையோ நினைவூட்டும் பெயரொன்றைத் தாமாகவே வைத்து விற்பதும் உண்டு. ஆணையத்தின் ஏற்பு பெற்ற ஒவ்வொரு திட்டத்துக்கும் யுஐஎன் எனப்படும் தனி அடையாள எண் உண்டு என்பதால், முகவர் சொல்லும் பெயரை விடுத்து அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

மனைவி மக்களைக் காப்பது என்ற கதையின் மையக் கருத்தைச் சட்டத்தில் உண்மையிலேயே நிறைவேற்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. விளம்பரங்களில் அதன் பெயரைக் கேட்பதே அரிது. நியமனம், அதாவது நாமினி குறிப்பது, மட்டும் போதும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் நாமினி பணத்தைப் பெற்று வைத்துக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர உரிமையாளர் அல்லர், இறந்தவரின் வாரிசுகள் அதில் பங்கு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. 2015இல் திருத்தப்பட்ட 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாகக் குறிக்கப்பட்டால் அவர்களே பலனுக்கு உரியவர் என்று சொன்னபோதும், மற்ற வாரிசுகளின் உரிமை அதனால் முற்றாக நீங்குமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதைவிட வலுவானது. மணமான ஆண் தன் உயிர் மீது எடுக்கும் பாலிசி மனைவி, மக்களின் நலனுக்கானது என்று பாலிசியிலேயே குறிக்கப்பட்டால், அது அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடுகிறது. எடுத்தவருக்கு எவ்வளவு கடன் இருந்தாலும், கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்துடன் அது எடுக்கப்பட்டதாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அவர்கள் அதைத் தொட முடியாது. இந்துக்கள், இசுலாமியர், சீக்கியர், சமணர் ஆகியோர் எடுக்கும் பாலிசிகளுக்கு இந்தப் பாதுகாப்பு மற்றப் பகுதிகளில் 1923 ஏப்ரல் 1க்குப் பிறகே பொருந்த, சென்னை மாகாணத்தில் மட்டும் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுக்கப்பட்ட பாலிசிகளுக்கே பொருந்தத் தொடங்கிவிட்டது என்பது சட்டத்திலேயே பதிவாகியுள்ள செய்தி. தொழிற்கடனும் வட்டிக்கடனும் உள்ள குடும்பங்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு காப்பீட்டில் இல்லை எனலாம். முன்மொழிவுப் படிவத்துடன் தனிப் படிவம் ஒன்றை நிரப்பினாலே இது கிடைத்துவிடும். ஆனால் பாலிசி எடுக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும், பின்னர் எடுத்தவர் அதைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் இயலாது.

முன்மொழிவுப் படிவம் என்பது, காப்பீடு கேட்பவர் தம் வயது, வருமானம், நோய்கள், புகை மதுப் பழக்கங்கள், பிற பாலிசிகள் ஆகியவற்றைத் தெரிவிக்கும் விண்ணப்பம். உணர்ச்சிவயப்பட்டு ஒப்புக்கொண்டவரிடம் முகவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் 'இல்லை' என்று தாமே குறித்துவிடுவதே பிற்காலத்தில் கோரிக்கை மறுக்கப்படுவதற்கான பெருங்காரணங்களுள் ஒன்று. காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் கடந்த பின் எந்தக் காரணத்தைக் காட்டியும் அதை நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதற்குள் என்றால், மோசடி அல்லது முக்கியத் தகவலை மறைத்தது என்ற காரணங்களை எழுத்தில் தெரிவித்தே மறுக்க வேண்டும். தவணை தவறிக் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் அந்த 3 ஆண்டுக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கும் என்பது பலரும் அறியாத ஆபத்து. எனவே பத்திரத்துடன் வரும் படிவ நகலை உடனே படித்து, தவறு இருந்தால் எழுத்து மூலம் திருத்தக் கோருவது, எடுத்தவர் தமக்காகப் பேச இயலாத ஒரு நாளில் குடும்பத்தைக் காக்கும். விற்பனைக்குப் பின் நிறுவனத்திலிருந்து வரும் சரிபார்ப்பு அழைப்பில், எல்லாவற்றுக்கும் ஆம் என்று மட்டும் சொல்லுங்கள் என முகவர் கற்றுக்கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது, பின்னாளில் நிறுவனத்தின் முதன்மைச் சான்றாகவும் அதுவே முன்வைக்கப்படுகிறது.

கதையின் பிடி தளர்ந்த பின் மறுபரிசீலனை செய்வதற்குச் சட்டம் தந்துள்ள கால இடைவெளி, பத்திரம் கைக்கோ மின்னஞ்சலுக்கோ வந்த நாளிலிருந்து 30 நாட்கள். இதற்குள் காரணம் சொல்லியோ சொல்லாமலோ பாலிசியைத் திருப்பிவிடலாம். அந்நாட்களுக்குரிய காப்புக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவை மட்டும் கழிக்கப்பட்டு மீதி திரும்ப வரும். இந்தக் காலம் முன்பு பொதுவாக 15 நாட்களாக இருந்து 2024இல் 30 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. பத்திரத்துடன் வரும் வாடிக்கையாளர் தகவல் தாள், காப்புத்தொகை, விலக்குகள், காத்திருப்புக் காலம், புகார் வழி ஆகியவற்றை எளிய நடையில் தொகுத்துச் சொல்கிறது; முழுப் பத்திரத்தைப் படிக்க இயலாதவர் அதையாவது இந்த நாட்களுக்குள் படித்தாக வேண்டும். காலம் கடந்தபின் விலகினால் கிடைப்பது சரண்டர் மதிப்பு எனப்படும் குறைந்த தொகையே. 2024 அக்டோபர் 1 முதல் விற்கப்படும் பாலிசிகளில் முதலாண்டுத் தவணையை முழுதாகச் செலுத்தியவருக்கும் ஓரளவு சரண்டர் தொகை உண்டு என்பது முன்னேற்றமாயினும், இழப்பு இல்லாமற்போய்விடவில்லை. வீட்டுக் கடனோ லாக்கரோ கேட்டுச் சென்றவரிடம், பாலிசி எடுத்தால்தான் ஆகும் என்று வங்கி வற்புறுத்துவது விதிமீறல்; வங்கி வழியாகக் காப்பீடு வாங்குவது முற்றிலும் விருப்பத்தின்பாற்பட்டது. ஐஆர்டிஏஐ பேசுகிறது, போனஸ் வந்திருக்கிறது என்று தொலைபேசியில் வரும் அழைப்பு எதுவும் உண்மையாக இருக்க முடியாது, ஏனெனில் அந்த ஆணையம் பாலிசி விற்பதோ போனஸ் அறிவிப்பதோ இல்லை. அத்தகைய அழைப்பைக் காவல் துறையில் புகாராக்க வேண்டும்.

தவறாக விற்கப்பட்டதாகவோ கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகவோ கருதுபவர் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் தந்து ஒப்புகை பெற வேண்டும். நிறுவனம் இரண்டு வாரங்களுக்குள் பதிலளிக்கக் கடமைப்பட்டது. ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் அதே புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை, அதாவது ஆம்பட்ஸ்மேனை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகர், காரைக்கால் பகுதிகளுக்குமான குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது. இங்கே கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்கலாம், வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; புகார்தாரருக்கு அது நிறைவளிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லும் வழி அடைபடுவதில்லை. ஆனால் அதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதை ஏற்கமாட்டார் என்பதால் வரிசை முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய தவணை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். விளம்பரம் மட்டுமே சிக்கலாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், 1985 முதல் இயங்கும் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்திலும் புகார் செய்யலாம். இந்தப் படிகள் எல்லாவற்றிலும் கைகொடுப்பவை எழுத்துச் சான்றுகளே. முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு, அவர் தாளில் எழுதிக் காட்டிய தொகை, விளம்பரத்தின் திரைப்பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தவருக்கே, சொல்லப்பட்டது ஒன்று, தரப்பட்டது வேறு என்று மெய்ப்பிக்க முடிகிறது.

இறப்புக் கோரிக்கையில் விசாரணை தேவையில்லாதபோது 15 நாட்களுக்குள்ளும், தேவைப்பட்டால் 45 நாட்களுக்குள்ளும் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைவிட 2 விழுக்காடு கூடுதலாக வட்டி தர வேண்டும். ஆனால் கோரிக்கையே வராத பாலிசிகளும் ஏராளம். எடுத்தவர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த பாலிசி, அவரோடு மறைந்துபோகிறது. உரிமை கோரப்படாத தொகைகளைப் பெயர், பிறந்த தேதி, பாலிசி எண், பான் எண் கொண்டு தேடும் வசதியை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். 10 ஆண்டுகள் கோரப்படாமல் கிடக்கும் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படுகிறது. மாற்றப்பட்ட பின்னும் 25 ஆண்டுகள் வரை வாரிசுகள் நிறுவனத்தின் வழியாகவே அதைக் கேட்டுப் பெறலாம். மறைந்த பெற்றோரின் பழைய வங்கிக் கணக்குப் புத்தகத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் ஒரு பற்றுப் பதிவு தென்பட்டாலும், அந்தத் தேடலைத் தொடங்க அதுவே போதுமானது.